டோக்கன் அக்காவின் ராட்செட்

பேருந்துப் பணிமனையில் அவள் சேர்ந்தது தட்டச்சு வேலைக்கு. சேர்ந்த ஏழாவது மாதம் அலுவலகத்தில் இருந்த மூன்று தட்டச்சு மேசைகளை ஒன்றாக்கினார்கள். மூவரில் கடைசியாக வந்தவள் அவள்தான். வீட்டுக்கு அனுப்ப மனம் வராத மேலாளர், "கருவி அறையில ஆள் இல்லாம கெடக்கு. ஒரு மூணு மாசம் அங்க உக்காரும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த மூன்று மாதம் முப்பத்தொரு வருடமாக நீண்டது.

கருவி அறை பட்டறையின் கடைக்கோடியில் இருந்தது. கம்பிவலை போட்ட ஒரு ஜன்னல், அதன் கீழே ஒரு ஆள் தோள்வரை கையை விடக்கூடிய சந்து, உள்ளே கூரை முட்ட இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் தன் எண் பொறித்த பித்தளை டோக்கன்கள் இருக்கும். கருவி வேண்டுமென்றால் ஒரு டோக்கனைக் கொடுக்க வேண்டும். அவள் அதை அந்தக் கருவி இருந்த ஆணியில் மாட்டிவிட்டுக் கருவியை எடுத்துக் கொடுப்பாள். திருப்பிக் கொண்டுவந்தால் டோக்கன் கைக்குப் போகும். ஆக, அவளுக்கு ஆட்களின் பெயர்கள் மனதில் தங்கவில்லை. ஒன்பது நல்லவன், இருபத்திரண்டு வாயாடி, முப்பது எதை வாங்கினாலும் மறுநாள்தான் கொண்டுவருவான். அவர்களுக்கும் இவள் பெயர் தேவைப்படவில்லை. தலை நரைத்தவர்கள்கூட அவளை "டோக்கன் அக்கா" என்றே கூப்பிட்டார்கள். அப்போது அவளுக்கு வயது இருபத்து மூன்று.

முதல் சில வாரங்கள் அவளுக்கு அழுகைதான் வந்தது. எதைத் தொட்டாலும் எண்ணெய். வீட்டில் அவள் அம்மா அவளுக்கென்று தனிச் சோப்பே ஒதுக்கிவிட்டாள். அறையின் மூலையில் மரப்பெட்டி ஒன்று நிறைய ராட்செட்டுகள் கிடந்தன. ராட்செட் என்றால், ஒரு பக்கம் திருப்பினால் நட்டைப் பிடித்துத் திருகும். மறுபக்கம் திருப்பினால் கிர்ர் என்று சும்மா திரும்பி வரும். ஸ்பேனரைப் போல ஒவ்வொரு சுற்றுக்கும் எடுத்து எடுத்து மாட்ட வேண்டியதில்லை. அந்தப் பெட்டியில் இருந்தவையோ இரண்டு பக்கமும் சும்மா திரும்பின, அல்லது இரண்டு பக்கமும் திரும்ப மறுத்தன.

"அதெல்லாம் செத்துப்போச்சும்மா. பழைய இரும்போட போயிடும்" என்றார் ஃபோர்மேன். கொட்டாவி விட்டபடி பேசுவது அவர் வழக்கம். ஆனால் பட்டறையில் ஒரு வாஷர் கீழே விழுந்தாலும் எந்த வண்டியிலிருந்து விழுந்தது என்று சொல்லிவிடுவார்.

ஒருநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு யாரும் வரவில்லை. பொழுது போகாமல் ஒரு ராட்செட்டை எடுத்துப் பின்பக்கம் பார்த்தாள். இரண்டே இரண்டு சிறிய திருகாணிகள். கழற்றினாள். மூடித் தகட்டைத் தூக்கியதுதான் தாமதம், உள்ளேயிருந்து என்னவோ ஒன்று அவள் முகத்தைத் தாண்டிப் பறந்தது. கடுகளவு இரும்புக் குண்டு. கூடவே கொசு அளவில் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் மடியில் விழுந்திருந்தது. குண்டைத் தேடி அலமாரிகளுக்கு அடியில் ஒரு மணி நேரம் தவழ்ந்தாள். கிடைக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் கொண்டையை அவிழ்த்தபோது டிங் என்று தரையில் விழுந்தது.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பழைய வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்தாள். துண்டை மடியில் விரித்து, அதன்மேல் வைத்துத்தான் இனி எதையும் திறப்பது என்று முடிவு செய்தாள். அன்று கண்ட காட்சி அவளுக்குப் பிடித்துப்போனது. உள்ளே ஒரு பல்சக்கரம். அந்தப் பற்களுக்குள் நுழைந்து பிடித்துக்கொள்ள ஒரு சிறிய இரும்புத் துண்டு. அதைப் பின்னாலிருந்து தள்ளும் ஸ்பிரிங். அந்தத் துண்டுக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. பல் இருக்கிற இடத்தில் நாக்கும் இருக்கத்தானே வேண்டும் என்று "நாக்கு" எனப் பெயர் வைத்தாள். பின்னாளில் மொத்தப் பட்டறையும் அதை நாக்கு என்றுதான் சொன்னது.

பெட்டியில் இருபத்தாறு இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தாள். செத்தவை என்று சொல்லப்பட்டவற்றில் பாதிக்குமேல் சாகவே இல்லை. வருடக்கணக்காகச் சேர்ந்த அழுக்கும் காய்ந்து பிசினாகிப்போன கிரீஸும் நாக்கை அசையவிடாமல் ஒட்டிப் பிடித்திருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும், பேச ஆரம்பித்தன. சிலவற்றுக்கு ஸ்பிரிங் மட்டும் தேய்ந்திருந்தது. ஏழெட்டில்தான் உண்மையாகவே பல் உடைந்திருந்தது. அவற்றின் ஸ்பிரிங்கும் நாக்கும் குண்டும் மற்றவற்றுக்கு உதவின. மூன்றாவது வாரத்தில் பத்தொன்பது ராட்செட்டுகளை ஆணியில் மாட்டினாள்.

ஃபோர்மேன் ஒன்றை எடுத்துக் கைக்கடிகாரம் போலக் காதில் வைத்துத் திருப்பினார். கொட்டாவி பாதியில் நின்றது.

"பேசுதே!"

"பத்தொம்பதும் பேசுதுங்க."

"யாரும்மா செஞ்சது?"

"எனக்கு டைப் அடிக்க ஒண்ணுமில்ல. அதான்."

அதன்பிறகு அவளை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

சத்தம் அவளுக்குப் பழகியது அதற்குப் பிறகுதான். எண்ணெய் வற்றினால் ஒரு சத்தம், மண் புகுந்தால் ஒரு சத்தம், பல் மூளியானால் சுற்றுக்கு ஒருமுறை இருமல் மாதிரி ஒரு தடங்கல். ராட்செட்டைத் திருப்பிக்கொண்டே வரும் மெக்கானிக்குகள் சந்து வழியாகக் கையை நீட்டுமுன்பே, "அதை அங்கயே வெச்சிட்டு வேற ஒண்ணு வாங்கிக்குங்க, அது நாளைக்கு ஒடஞ்சிடும்" என்பாள். இருபத்திரண்டு, "அக்கா வயித்த தொட்டுப் பாக்காமலே வைத்தியம் சொல்றாங்கப்பா" என்று ஊரைக் கூட்டுவான்.

இவ்வளவு காதும் ஒரே ஒரு ஆள் விஷயத்தில் பயன்படவில்லை. பதினேழாம் நம்பர்.

பதினேழு கியர்பெட்டிப் பகுதியில் இருந்தான். நெடுநெடுவென்று உயரம், எப்போதும் ஒரு சிரிப்பு, எதற்கும் ஒரு பதில். நன்றாக இருந்த ராட்செட்டை வாங்கிப்போவான். பத்து நாளில் பல்லை நொறுக்கிக் கொண்டுவருவான். உடைந்ததைச் சந்தில் வைக்கும்போது ஏதோ இறந்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான்.

"என்ன ஆச்சு இதுக்கு?"

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தாங்க பேசிட்டிருந்துச்சு."

"இது ராட்செட்டா, சுத்தியலா உங்களுக்கு?"

"நான் மென்மையான ஆளுங்க. நீங்க வேணும்னா அதையே கேட்டுப் பாருங்க."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. ஐந்தாவது ராட்செட் உடைந்து வந்தபோது ஃபோர்மேன் காதுக்கு விஷயம் போனது. "எழுதிக் குடும்மா, மெமோ போட்டுடலாம். கருவிய மதிக்கத் தெரியாதவன் கைக்கு எதுக்கு கருவி?" என்றார்.

எழுதுவதற்குமுன் அந்த ஐந்தையும் துண்டின்மேல் வரிசையாக வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஐந்திலும் கைப்பிடியின் நுனியிலிருந்து நான்கு விரல் தள்ளி, வளையம் போட்டாற்போல் ஒரு கீறல். கைப்பிடியில் குழாயைச் சொருகி நீளமாக்கித் திருகியிருக்கிறான். நீளம் கூடினால் பலம் கூடும்; அந்தப் பலத்தைத் தாங்குவது அந்தச் சிறிய நாக்கும் இரண்டே பல்லும்தான். உடையாமல் என்ன செய்யும்? ஆனால் அவ்வளவு உயரமும் தோளும் உள்ள ஆளுக்குக் குழாய் எதற்கு? அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, வேலையில் சேர்ந்ததிலிருந்து முதன்முறையாகப் பட்டறைக்குள் நடந்தாள். பேருந்துகளுக்கு அடியில் ஆள் இறங்கி நிற்க ஆழமான பள்ளங்கள் உண்டு. ஆறாவது பள்ளத்தில் பதினேழு நின்றிருந்தான். அவள் மேலே, சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றதை அவன் பார்க்கவில்லை.

குழாயைச் சொருகினான். இடது கையால் பிடித்து, மார்பை அதன்மேல் சாய்த்து, உடம்பால் தள்ளினான். வலது கை சும்மா தொங்கியது. நட்டு இளகியதும் குழாயை உருவிவிட்டு வலது கையால் ராட்செட்டைப் பிடிக்க முயன்றான். விரல்கள் மடங்கின, பிடி விழவில்லை. மணிக்கட்டில் எலும்பு ஒரு பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது. எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியது. மூன்று முறை திருப்பியதும் முகத்தைச் சுளித்துக் கையை உதறினான். சுற்றிலும் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், பக்கத்துப் பள்ளத்துக்காரனிடம் ஏதோ ஜோக்கடித்தான்.

கை சரியில்லை என்று தெரிந்தால் பட்டறையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பேருந்து கழுவ அனுப்புவார்கள். அதற்கும் கை வேண்டும் என்று பிறகு அதிலிருந்தும் அனுப்புவார்கள். அவள் சத்தம் போடாமல் திரும்பி வந்தாள். மெமோவுக்கு எழுதி வைத்திருந்த தாளை நான்காகக் கிழித்தாள்.

அடுத்த நாள் பதினேழு வந்து டோக்கனை நீட்டியதும், கேட்காமலே இரண்டு கருவிகளை எடுத்துச் சந்தில் வைத்தாள். ஒன்று, முழங்கை நீளத்துக்கும் மேலான வெறும் இரும்புத் தண்டு. பல்லும் கிடையாது, நாக்கும் கிடையாது, உடைய உள்ளே ஒன்றுமே கிடையாது. மற்றொன்று, பொடிப்பல் வைத்த ராட்செட். ஒரு சுற்றுக்கு எழுபத்திரண்டு பல்.

"முதல்ல இந்தத் தண்ட மாட்டி இளக்குங்க. இதுல உடம்ப போட்டுச் சாயலாம், ஒண்ணும் ஆகாது. இளகினப்புறம் ராட்செட். பொடிப்பல்லு, கைய கொஞ்சம் அசைச்சாலே அடுத்த பல்ல பிடிச்சிடும். மணிக்கட்டுக்கு வேலை கம்மி."

அவன் சிரிப்பு அணைந்தது. தண்டை எடுத்து இடது கையில் நிறுத்துப் பார்த்தான்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"நான் கருவிக்குத்தான் பொறுப்பு. கைக்கு இல்ல. அடுத்த ஆள் நிக்கறாங்க, நகருங்க."

அதற்குப் பின் பதினேழு உடைத்த ராட்செட் ஒன்றுகூட இல்லை. ஆனால் முன்னைவிட அதிகமாக ஜன்னலுக்கு வந்தான். ராட்செட் முனையில் மாட்டி நட்டின்மேல் கவிழ்க்கும் எட்டு மில்லி சாக்கெட் வாங்கிப்போவான், ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துப் பத்து மில்லி கேட்பான், மறுபடி எட்டு. இருபத்திரண்டு வரிசையில் நின்றபடி, "அண்ணே, மொத்தமா ஒரு தடவ அளந்துட்டு வாங்கண்ணே" என்று கத்துவான். ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து டோக்கனை வைத்தான்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"அப்புறம் டோக்கன் எதுக்கு?"

"அது இங்கயே இருக்கட்டும். திருப்பி வாங்கிக்க மாட்டேன்."

அவளுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. காது மடல் சூடாயிற்று. "ரூல்ஸ்படி கருவி எடுக்காம டோக்கன் வாங்கக் கூடாதுங்க" என்றாள். சொல்லிக்கொண்டே அதை எடுத்து, மற்ற டோக்கன்களைப் போல ஆணியில் மாட்டாமல், தன் மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்தும் வீட்டில் அவனை "பதினேழு" என்றுதான் கூப்பிட்டாள். மாமியார் முதலில் அதை ஏதோ வசவு என்று நினைத்திருந்தார்.

அவர்கள் வீட்டுக்கென்று வாங்கிய முதல் கருவியும் ராட்செட்தான். கடையில் பதினேழின் கண் நேராகப் போனது ஒரு சிவப்புப் பெட்டிமேல். திறந்தால் நூற்றிருபது சாமான்கள் மின்னின. "பாரேன், எல்லாமே இருக்கு!" என்றான், பொம்மைக் கடையில் நிற்கும் பிள்ளை மாதிரி.

"நம்ம வீட்ல எத்தன அளவு நட்டு இருக்குன்னு எண்ணிப் பாத்தேன். ஆறு" என்றாள் அவள். "மிச்ச நூத்திப் பதினாலையும் என்ன பண்றது, காட்சிக்கு வைக்கவா?"

கடைக்காரரிடம் தனியாக விற்கும் ராட்செட்டுகளைக் கேட்டாள். நடு அளவு. பெரியது வீட்டு நட்டுக்கு அதிகப் பலம், மண்டையைத் திருகிப்போடும்; சிறியது கட்டிலுக்குத் தாங்காது. ஏழெட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தலையை ஆட்டிப் பார்த்தாள். லொடலொட என்றால் ஒதுக்கினாள். விரல் நுனியால் முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திருப்பினாள். முனையும் சேர்ந்து சுற்றினால் ஒதுக்கினாள், இளகிய நட்டைத் திரும்பி வரும்போது மறுபடி இறுக்கிவிடும் சங்கடம் அதில் உண்டு. திசை மாற்றும் விசையைக் கட்டைவிரலால் இருபது முப்பது தடவை தட்டினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்டாள்.

"அம்மா, இதென்ன ஜவுளிக்கடையா, எல்லாத்தையும் பிரிச்சுப் போடறீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஜவுளின்னா வருஷத்துல கிழிஞ்சிடும்ங்க. இத நாப்பது வருஷம் வெச்சிருக்கப் போறேன்."

கடைசியில் அவள் எடுத்தது எல்லாவற்றிலும் அழகில்லாதது. மினுக்கம் கிடையாது, ரப்பர் பிடி கிடையாது. பின்பக்கம் இரண்டு திருகாணி போட்ட தகடு மட்டும் இருந்தது. பளபளப்பான மற்றவை எல்லாம் அடித்து மூடியவை. "திறக்க முடியாததை எப்படிங்க துடைக்கறது?" என்று பதினேழிடம் கேட்டாள். அவன் சிவப்புப் பெட்டியைக் கடைசியாக ஒருமுறை தடவிவிட்டுப் பின்னால் நடந்தான்.

அந்த ராட்செட் ஏழு வாடகை வீடு பார்த்தது. ஒவ்வொரு முறையும் வீடு மாற்றும்போது முதலில் கழற்றுவது இரும்புக் கட்டில், கடைசியாக மாட்டுவதும் அதுதான். கட்டில் கழன்றதும் கீழே விரித்த மெத்தையில் மகள் குதிப்பாள். கிர்ர் சத்தம் கேட்டாலே, "இந்த வீடும் போச்சா?" என்று நான்கு வயதில் கேட்டவள் அவள். மூன்றாவது வீட்டில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் மட்டும் தெரியும். அந்தச் சுவருக்கும் பதினேழு ஏதோ ஒரு பெயர் வைத்து, காலையில் வணக்கம் சொல்வான். ஐந்தாவது வீட்டில் குழாயில் தண்ணீர் வராது, ஆனால் மொட்டைமாடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி இருவரும் மாடியில் உட்கார்ந்து பழுது பார்ப்பார்கள். அவன் தண்டால் இளக்குவான், அவள் ராட்செட்டால் சுழற்றுவாள். பேச்சு எங்கெங்கோ போய்வரும். அந்த மாடி இன்றும் அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. தண்ணீர்க் கஷ்டம் மறந்தே போய்விட்டது.

அந்தத் தண்டு பதினேழின் கைக்குப் போன பதினோராம் வருடம் பணிமனையில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை வைத்தார்கள். கண், காது, ரத்த அழுத்தம். கடைசியாக, பிடியின் பலத்தை முள்ளால் காட்டும் கருவியோடு சேர்ந்த ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார் டாக்டர். பதினேழு இடது கையை நீட்டினான். "அந்தக் கை" என்றார் டாக்டர். வலது கையில் முள் அசையவே இல்லை.

மறுநாள் காலை மேலாளர் அறையில் இருவரையும் நிற்க வைத்தார்கள். பழைய மேலாளர் போய்ப் புதியவர் வந்திருந்தார். ஃபோர்மேனும் உட்கார்ந்திருந்தார், ஓய்வுபெற எட்டு மாதமே பாக்கி.

"இது உனக்குத் தெரியுமாம்மா?" என்றார் ஃபோர்மேன் அவளிடம்.

"தெரியும்ங்க."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து."

"தெரிஞ்சும் கருவி குடுத்த?"

பதினேழு வாயைத் திறக்கப் போனான், அவள் முந்திக்கொண்டாள். "அவருக்கு ஏத்த கருவியக் குடுத்தேன். எல்லாருக்கும் அதைத்தான் செய்யறேன். தப்புன்னா என்னைய கேளுங்க."

மேலாளர் பேனாவை மூடினார். ஃபோர்மேன் எழுந்து கருவி அறைக்குப் போய், கருவி கொடுத்து வாங்கிய பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் கையெழுத்தில் வருட வருடமாக எந்த எண், எந்தக் கருவி, உடைந்ததா இல்லையா என்று எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

"முன்னாடி ஒடச்ச அஞ்சோட சரி, இந்தப் பதினோரு வருஷத்துல இவன் ஒடச்சது ஒண்ணுகூட இல்ல, சார். நல்ல கை வெச்சிருக்கவனுங்க மாசத்துக்கு மூணு ஒடைக்கறானுங்க. இவன் மாட்டின கியர்பெட்டியும் எதுவும் பழுதாகித் திரும்பி வரல. நான் கைய பாக்கறதா, வேலைய பாக்கறதா?"

யோசித்துச் சொல்வதாக மேலாளர் அனுப்பிவிட்டார். ஆறு நாள் அவர்கள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழாம் நாள் உத்தரவு வந்தது. பதினேழு அதே பகுதியில் இருக்கலாம். கனமானதைத் தூக்க இன்னொருவரைத் துணைக்குச் சேர்க்க வேண்டும். அதோடு இன்னொரு வரி: இறுகிய நட்டை இளக்க யாரும் ராட்செட்டில் குழாய் சொருகக் கூடாது, நீளத் தண்டைத்தான் பயன்படுத்த வேண்டும். அதைத் தட்டச்சு செய்து எல்லாப் பள்ளத்துச் சுவரிலும் ஒட்டினார்கள். தட்டச்சில் இரண்டு பிழை இருந்ததை அவள் கவனித்தாள். சொல்லவில்லை.

பதினேழு அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். பிறகு, "நான் பயந்ததைவிட நீ பயந்துட்ட இல்ல?" என்றான்.

"பின்ன? உங்கள வீட்ல வெச்சுக்கிட்டு நாள் முழுக்க ஜோக்கு கேக்கணுமேன்னுதான்."

இருவரும் முழுச் சம்பளத்தோடும் முழு மரியாதையோடும் ஓய்வு பெற்றார்கள். அதன்பின் ஒன்பது வருடம் சேர்ந்திருந்தார்கள். ஒரு காலையில் செய்தித்தாள் விரித்தபடி இருந்த பதினேழு அப்படியே சாய்ந்துவிட்டார். நான்கு வருடம் ஆகிறது. அவள் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள்; மூன்றாம் மாடி, லிஃப்ட் உண்டு, வெளிச்சம் உண்டு. கொண்டுவந்தது நான்கு அட்டைப்பெட்டி. ஒன்றில் ராட்செட்.

போன மாதம் மகள் புதிதாக ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினாள். முதல் நாள் ஓட விட்டதும் அது தடதடவென்று ஆடி, பிளக் ஒயர் இழுத்துப் பிடிக்கும்வரை நகர்ந்து, குளியலறை வாசலுக்கே வந்து நின்றது. மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்கினார்.

"அம்மா, இது வீட்டவிட்டே ஓடுது!" என்றாள் மகள்.

அவள் இயந்திரத்தின் முதுகைத் தடவிப் பார்த்தாள். வண்டியில் ஏற்றிவரும்போது உள்ளே ஆடாமலிருக்க நான்கு போல்ட்டு போட்டிருப்பார்கள். கொண்டுவந்தவர்கள் அதைக் கழற்ற மறந்திருந்தார்கள். "பத்து மில்லி" என்றாள், பார்த்தமாத்திரத்தில். ராட்செட்டை எடுத்துவரச் சொன்னாள். மாட்டித் திருப்பினால், அது இரண்டு பக்கமும் சும்மா சுற்றியது. கிர்ர்கூட இல்லை.

"போகட்டும்மா, புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றாள் மகள்.

அவள் சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை விரித்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு திருகாணிகளையும் கழற்றினாள். தகட்டைத் தூக்கினால் உள்ளே பல்லும் தெரியவில்லை, நாக்கும் தெரியவில்லை. மஞ்சள் கிரீஸ், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி அமுக்கி அமுக்கி அடைத்திருந்தது. பேருந்துச் சக்கரத்துக்குப் போடும் கெட்டி கிரீஸ். அதில் நாக்கு மூழ்கிப்போய் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. மகளின் பிரசவத்துக்காக அவள் இங்கே வந்து நாற்பது நாள் தங்கியிருந்தபோது, பதினேழு தனியாக இருந்தார். ஒருநாள் போனில், "வீட்ல எல்லாத்தையும் சர்வீஸ் பண்ணிட்டேன். நீ வந்து ஒரு வேலையும் பாக்க வேண்டியதில்ல" என்றார். திரும்பிப்போய்ப் பார்த்தால் கதவுக் கீல், மின்விசிறி, கத்தரிக்கோல், தையல் இயந்திரம், எல்லாவற்றிலும் மஞ்சள் கிரீஸ் வழிந்தது. அவளுடைய நல்ல உடுப்பு இரண்டு பாழானது. அதற்கு ஒரு வாரம் திட்டினாள். ராட்செட்டையும் விட்டுவைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. திட்டியதைக் கேட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"முப்பத்தஞ்சு வருஷம் கியர்பெட்டியில இருந்த மனுஷன்!" என்று சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. மகள் பயந்துபோய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, என்னாச்சும்மா?"

"உங்கப்பா... உங்கப்பாவோட சர்வீஸு" என்றாள். மகளும் அந்தக் கிரீஸைப் பார்த்தாள், அவளுக்கும் ஏதோ புரிந்துவிட்டது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பிறகு அவள் அதைக் கழுவினாள். கழுவாமல் வைத்திருந்தால் என்ன என்று ஒரு எண்ணம் வராமலில்லை. ஆனால் ஓடாத ராட்செட்டை வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு எந்நாளும் கிடையாது. மண்ணெண்ணெய்க்கு மாப்பிள்ளை மூன்று கடை ஏறி இறங்கினார். பல் ஒன்றும் தேயவில்லை. நாக்கின் ஒரு முனை மட்டும் லேசாக மழுங்கியிருந்தது, திருப்பிப் போட்டாள். இரண்டு சொட்டு தையல் எண்ணெய். நான்கு போல்ட்டையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கழற்றிக் கொடுத்தாள். இயந்திரம் இருந்த இடத்தைவிட்டு நகராமல் துணி துவைத்தது.

இந்தக் கதை லிஃப்ட் வழியாக மாடி மாடியாகப் போய்விட்டது. இப்போது சனிக்கிழமைகளில் யாராவது ஒருவர் கையில் எதையாவது தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சிலர் ஓடாத ராட்செட்டோடு. சிலர் எதை வாங்கலாம் என்று கேட்டு. "உங்க வீட்ல எந்தெந்த நட்டக் கழட்டுவீங்க?" என்பது அவள் கேட்கும் முதல் கேள்வி. ஒருவருக்கும் தெரியாது. போய் எண்ணிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறாள். பாதிப் பேர் உண்மையாகவே எண்ணிக்கொண்டு வருகிறார்கள். ஐந்தாம் மாடிப் பல் டாக்டர் நேற்று வந்திருந்தார். கடையில் பார்த்து வைத்த இரண்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவள் இரண்டையும் காதருகே வைத்துச் சுற்றினாள்.

"இதுக்கு எழுபத்திரண்டு பல்லுங்க, அதுக்கு முப்பத்தாறுதான். பொடிப்பல்லு இடுக்குல நல்லா போகும். ஆனா நீங்க எப்பவாவதுதான் தொடுவீங்க, கழுவவும் மாட்டீங்க. முப்பத்தாறே இருக்கட்டும். பல்லு கம்மின்னாலும் தடியா இருக்கு, அழுக்க தாங்கும்."

"பல்லு கம்மியா இருக்கறதே நல்லதுன்னு என்கிட்டயே சொல்றீங்களே" என்றார் டாக்டர்.

"உங்க தொழிலுக்கு நஷ்டம்தான்" என்றாள் அவள். மகளைப் பார்த்து, "டாக்டருக்கு டீ போடும்மா" என்றுவிட்டு, தகட்டின் திருகாணிகள் சரியாக இறுகியிருக்கின்றனவா என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கத் தொடங்கினாள்.